ரெண்டு பொண்ணுன்னுதானே சொன்னா?

அம்மாவுக்கு இங்கிலீஷ் படம் போட்டால் சப்டைட்டில் நான்தான். சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இப்ப என்னடா சொல்றான்?" என்பாள். நான் ரிமோட்டை அமுக்கி நிறுத்திச் சொல்லவேண்டும். ஒன்றரை மணி நேரப் படம் எங்கள் வீட்டில் இரண்டரை மணி நேரம் ஓடும்.

போன தீபாவளி லீவில் அப்படிப் பார்த்தது 'ராபிட் புரூஃப் ஃபென்ஸ்'. 2002இல் வந்த ஆஸ்திரேலியப் படம். பிலிப் நாய்ஸ் இயக்கியது. நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருந்தேன். கதைதான் தெரியுமே என்ற தைரியத்தில் போட்டேன். படத்தில் சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவது இங்கிலீஷும் இல்லை, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான மார்டு மக்களின் மொழி. அந்த இடங்களில் நானும் எழுத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கதை சின்னது. 1931. மேற்கு ஆஸ்திரேலியாவில், பாலைவனத்தை ஒட்டிய ஜிகலாங் என்ற இடத்தில் மூன்று சிறுமிகள். மோலிக்கு 14 வயது. அவளுக்குத் தங்கை முறையாகும் கிரேஸிக்கு 10, டெய்ஸிக்கு 8. அம்மாக்கள் பூர்வகுடிப் பெண்கள், அப்பாக்கள் வேலை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள். ஒரு நாள் போலீஸ்காரர் காரில் வந்து மூவரையும் பிடித்துக்கொண்டு போகிறார். பெர்த் நகருக்கு வடக்கே மூர் ரிவர் என்ற அரசுக் குடியிருப்பில் விடுகிறார்கள். மோலி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிடுகிறாள். ஒன்பது வாரம் நடை. படம் 2,400 கிலோமீட்டர் என்கிறது, இந்தக் கதையைச் சொன்ன புத்தகம் 1,600 என்கிறது. குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நடந்து, திரும்பிச் சென்னைக்கே நடந்து வந்தாலும் பாக்கி இருக்கும்.

வழி காட்டியது ஒரு வேலி.

இந்த வேலியின் கதை தனிக் கூத்து. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் விக்டோரியாவில் இருந்த தன் பண்ணையில், சுட்டு விளையாடுவதற்காக இங்கிலாந்திலிருந்து தருவித்த 24 முயல்களை அவிழ்த்துவிட்டார். அது பெருகி, கண்டத்தையே மேய்ந்துகொண்டு மேற்கே வந்தது. பயிரைக் காப்பாற்ற மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901இல் வேலி போட ஆரம்பித்து 1907இல் முடித்தது. தென்கடலிலிருந்து வடகடல் வரை 1,833 கிலோமீட்டர். முடிப்பதற்குள் முயல்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டன. அதற்காக இரண்டாவது வேலி, அப்புறம் மூன்றாவது. ஜிகலாங் என்ற ஊரே இந்த வேலியைப் பராமரிக்கிறவர்களுக்காக 1907இல் போட்ட முகாம்தான். மோலியின் அப்பா தாமஸ் கிரெய்க் அங்கே வேலியைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த இங்கிலாந்துக்காரர். வேலி வராதிருந்தால் மோலி பிறந்திருக்கமாட்டாள். ஊரைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று குழந்தைகளுக்குத் தெரியுமே, அந்த மாதிரி அவளுக்கு அந்த வேலி தெரியும். மூர் ரிவரிலிருந்து வடகிழக்காகப் போனால் எங்காவது வேலி வரும், வேலி வந்தால் அம்மா வருவாள் என்பது அவள் கணக்கு.

பிடித்துக்கொண்டு போகிற காட்சியில் அம்மா ரிமோட்டைக் கேட்கவில்லை. மொழியே தேவைப்படவில்லை. போலீஸ்காரர் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு 'சட்டம், நான் ஒன்றும் செய்யமுடியாது' என்கிறார். பிள்ளைகள் காருக்குள் கண்ணாடியில் கையை அடிக்க, வெளியே அம்மா அடிக்க, கார் போய்விடுகிறது. பாட்டி புழுதியில் உட்கார்ந்து ஒரு கல்லை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறாள்.

"சாவு வீட்ல அடிச்சுக்கிற மாதிரி அடிச்சுக்கிறா பாரு" என்றாள் அம்மா. அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இந்தக் காட்சிதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது வேறொன்று. பெர்த்தில் ஒரு அலுவலகம். மேஜைக்குப் பின்னால் ஏ.ஓ. நெவில். கென்னத் பிரானா நடித்திருக்கிறார். பதவியின் பெயர் பூர்வகுடிகளின் தலைமைப் பாதுகாவலர். 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மாநிலத்தில் 16 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும், கலப்பினக் குழந்தைக்கும் சட்டப்பூர்வக் காப்பாளர் இந்த ஒருவர்தான், பெற்ற தாய் உயிரோடு பக்கத்தில் நின்றாலும். அவருடைய காலை நேர வேலை கோப்புகளைப் புரட்டுவது. யாரோ கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டிருக்கிறார்கள். இன்னொரு பெண் புதுச் செருப்பு வாங்க அனுமதி கேட்டிருக்கிறாள். போன வருஷம்தானே புதுசு வாங்கினாள் என்று விசாரிக்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை.

நம் சினிமாவாக இருந்தால் இந்த ஆளுக்கு மீசையையும் பின்னணி இசையையும் வைத்து வில்லனாக்கியிருப்பார்கள். இவரோ பல்லைத் துலக்கிவிட்டு, பொழுது விடிந்ததும் நல்லது செய்யக் கிளம்புகிற மனிதர். கனவான் வீட்டுப் பெண்களைக் கூட்டிவைத்து ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்: பாட்டி, மகள், பேரன். தலைமுறைக்குத் தலைமுறை தோல் எப்படி வெளுக்கிறது பாருங்கள், மூன்றாவதில் கறுப்பே இருக்காது என்கிறார். அதே கணக்கோடு மூர் ரிவருக்கு வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறார். மோலியைக் கூப்பிட்டு, பயப்படாதே என்று சொல்லி, சட்டைக் கழுத்தை விலக்கித் தோளின் நிறத்தைப் பார்க்கிறார். போதிய வெளுப்பு இல்லை. போ என்கிறார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதில்கூடக் கொஞ்சம் பேரம் இருக்கும்.

படத்துக்காகக் கற்பனை செய்ததோ என்று தோன்றும். நிஜ நெவில் 1915இலிருந்து 1940 வரை, பதவியின் பெயர் நடுவில் மாறினாலும், அந்த நாற்காலியில் இருந்தார். 1937இல் கான்பெராவில் மாநில அதிகாரிகள் கூடிய மாநாட்டில், முழு ரத்தம் இல்லாத பூர்வகுடிகளின் விதி வெள்ளையர்களுக்குள் கரைந்துபோவதே என்று தீர்மானம் போட்டார்கள். நெவில் அதில் முக்கியமான குரல். ஓய்வுபெற்ற பிறகு 1947இல் இதையே ஒரு புத்தகமாகவும் எழுதிவைத்தார். மறைத்துச் செய்த காரியம் எதுவும் இல்லை. படத்தின் முடிவில் பிடிபடாத பிள்ளைகளைப் பற்றிக் கடிதம் சொல்லி எழுத வைக்கிறபோது, அவர்களுக்காக நாம் என்ன செய்யப் பார்க்கிறோம் என்று அவர்களுக்குப் புரிந்தால் தேவலை என்கிறார். உண்மையிலேயே வருத்தப்படுகிறார். எனக்கு அந்த வருத்தம்தான் பயமாக இருந்தது.

தப்பிக்கிற காட்சி அழகானது. ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயிலுக்குப் போகிற நேரம். மோலி வானத்தைப் பார்க்கிறாள். கருமேகம். மழை வந்தால் காலடித் தடம் அழிந்துவிடும். உடனே கிளம்பு என்கிறாள். கிரேஸிக்கு அரைமனசு. ஆனால் மோலி பேச்சுக்கு மறுபேச்சு இல்லை, அக்கா அல்லவா.

துரத்தி வருகிறவர் மூடூ என்ற தடம் பார்ப்பவர். அவரும் பூர்வகுடி. அவர் மகளும் மூர் ரிவரில்தான் அடைபட்டிருக்கிறாள். டேவிட் கல்பிலில் நடித்திருக்கிறார். படம் முழுக்க அவர் பேசுவது பத்து வரி இருந்தால் அதிகம். குதிரைமேல் உட்கார்ந்து தரையைப் பார்ப்பார், தூரத்தைப் பார்ப்பார். போகப் போக அந்த முகத்தில் ஒரு சின்னத் திருப்தி சேர்ந்துகொண்டே வரும். அந்தப் பெண் கெட்டிக்காரி, வீட்டுக்குப் போகப் பார்க்கிறாள் என்று ஒரு இடத்தில் சொல்வார். அவருடைய வேலைக்கு அது ஆகாத வாக்கியம். தடம் நிஜமாகவே தவறியதா, தவறவிட்டாரா என்பதைப் படம் சொல்லாது. அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "விட்டுட்டான்டா அவன்."

வழியில் உதவுகிற வெள்ளைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டம்மா ரொட்டியும் கோட்டும் கொடுத்து அனுப்புகிறாள். புத்தகத்தில் இப்படி ஒருவர் வருகிறார்: வயிறார உணவு கொடுத்து, வழிக்கும் கட்டிக்கொடுத்து, பிள்ளைகள் கண்ணுக்கு மறைந்ததும் மூர் ரிவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுகிறார். காட்டில் பட்டினியால் செத்துப்போகக்கூடாதே என்ற கவலை. கொடுத்த ரொட்டியும் நிஜம், பண்ணிய போனும் நிஜம். இந்த அம்மாளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கிரேஸியைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை. உன் அம்மா விலூனாவில் இருக்கிறாள், ரயிலேறினால் போய்விடலாம் என்று யாரோ சொன்னதை நம்பிப் பிரிந்துபோகிறாள், பிடிபடுகிறாள். மோலியும் டெய்ஸியும் மறைந்திருந்து பார்க்கிறார்கள். நிஜ கிரேஸி 1983இல் இறந்தார். ஜிகலாங்குக்குக் கடைசிவரை திரும்பவில்லை.

நடித்த மூன்று சிறுமிகளும் அதற்குமுன் நடித்தவர்கள் இல்லை. மோலியாக வரும் எவர்லின் சாம்பியின் முகத்தில் கெஞ்சல் என்பதே கிடையாது. பசிக்கிறது என்று டெய்ஸி அழும்போதுகூட அவள் ஆறுதல் வார்த்தை சொல்வதில்லை, தூக்கி முதுகில் போட்டுக்கொள்வாள். கிறிஸ்டோஃபர் டாய்லின் கேமரா அந்த நிலத்தை வெயிலில் வெளுத்துப்போன துணி மாதிரி காட்டுகிறது. எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பீட்டர் கேப்ரியலின் இசை தனியாகக் கேட்க நன்றாயிருக்கிறது, படத்தில் சில இடங்களில் அழு என்று முதுகில் தட்டுகிறது. அந்த நடைக்குக் காற்றும் காலடியும் போதும்.

நடுவில் ஒரு காட்சி. வேலியைக் கண்டுபிடித்த மோலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெட்டு. அங்கே ஜிகலாங்கில் அம்மாவும் பாட்டியும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இது சினிமாத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றாவது தடவையும் தொண்டை அடைத்தது.

சரி, கடைசிக்கு வருகிறேன். மோலியும் டெய்ஸியும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு திரையில் நிஜ மோலியும் நிஜ டெய்ஸியும், முதியவர்களாக, தங்கள் மண்ணில் நடந்து வருகிறார்கள். மோலியின் குரல் அவர் மொழியில் ஒலிக்கிறது. நான் படித்துச் சொன்னேன்: நாங்கள் வீட்டுக்கு வந்ததும் பாலைவனத்துக்குள் போய் ஒளிந்துகொண்டோம். எனக்குக் கல்யாணமாயிற்று. இரண்டு பெண் குழந்தைகள். மறுபடி என்னையும் பிள்ளைகளையும் அந்த இடத்துக்கே பிடித்துக்கொண்டு போனார்கள். மறுபடி நான் நடந்தே வந்தேன், சின்னவள் அனபெல்லைத் தூக்கிக்கொண்டு. அவளுக்கு மூன்று வயதானபோது நெவில் அவளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பார்க்கவே இல்லை.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அம்மா திரும்பி, "ரெண்டு பொண்ணுன்னுதானே சொன்னா?" என்றாள்.

"ஆமா."

"ஒண்ணைத்தானே தூக்கிட்டு வந்தா. இன்னொண்ணு?"

மூன்று தடவை பார்த்த படம். எனக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை. தெரியலம்மா என்றேன். என்னத்த பார்த்தே போ என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து படுக்கப் போனாள்.

அன்று இரவு தேட ஆரம்பித்து, அடுத்த வாரம் புத்தகத்தையும் வாங்கிப் படித்து முடித்தேன். 1996இல் வந்த புத்தகம். அழுத்திச் சொல்லாத, கிட்டத்தட்ட ஒரு கோப்பு மாதிரியான எழுத்து. அரசாங்கக் கடிதங்களையும் தந்திகளையும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. எழுதியவர் டோரிஸ் பில்கிங்டன். அந்த இன்னொரு பிள்ளை அவர்தான்.

மோலி பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, முல்கா மரத்தடியில் பிறந்தவள் மூத்தவள். அம்மா வைத்த பெயர் நூகி. பண்ணை முதலாளியம்மாவுக்கு அது முட்டாள்தனமான பெயராகப் பட்டதால் டோரிஸ் ஆக்கினார். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. பின்னாளில் அரசு இலாகா 1937 ஜூலை 1 என்று ஒரு தேதியைக் கொடுத்தது. 1940 இறுதியில் மோலிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சைக்காகப் பெர்த் ஆஸ்பத்திரி. குணமானதும் வீட்டுக்கு அனுப்பவில்லை, இரண்டு பிள்ளைகளோடு மூர் ரிவருக்கு அனுப்பினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஓடிவந்த அதே இடம். 1941இல் மோலி மறுபடி கிளம்பினார், ஒன்றரை வயது அனபெல்லைத் தூக்கிக்கொண்டு. டோரிஸுக்கு மூன்று முடிந்து நான்கு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தூரத்துக்கு நடக்கமுடியாத வயது, தூக்கவும் முடியாத எடை. விட்டுவிட்டுப் போனார்.

சின்னவளையும் பிறகு பிடித்துக்கொண்டு போய்ப் பெர்த்தில் வெளுத்த தோல் பிள்ளைகளுக்கான விடுதியில் சேர்த்தார்கள். மோலி அதை நெவிலின் கணக்கில் எழுதுகிறார். அந்தச் சமயம் நெவில் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். ஆனால் மோலி சொன்னதைத் தப்பு என்று திருத்த எனக்குக் கை வரவில்லை. அவருக்கு அந்த இலாகாவின் பெயரே நெவில்தான்.

டோரிஸ் மூர் ரிவரிலும், அப்புறம் ரோலண்ட்ஸ் என்ற கிறிஸ்தவ மிஷனிலும் வளர்ந்தார். உன் ஜனங்கள் அழுக்கானவர்கள், பாவிகள் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா தன்னைக் கொடுத்துவிட்டாள் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். பெர்த் ஆஸ்பத்திரியில் செவிலியர் உதவியாளராகப் பயிற்சி பெற்றார், கல்யாணம் செய்துகொண்டார், பிள்ளைகள் பெற்றார். 1962இல்தான் அம்மாவைத் திரும்பப் பார்த்தார். விட்டுப் பிரிந்து 21 வருஷம். சிறுமிகளாக நடந்து வந்த கதையை அம்மா எடுத்தவுடன் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பிற்பாடு டெய்ஸி சித்தி சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் ஆவணக் காப்பகத்தில் கோப்புகளைத் தேடி எடுத்து, அம்மாவும் சித்தியும் சொன்னதோடு சேர்த்துவைத்து எழுதினார்.

இதைத் தெரிந்துகொண்டு திரும்ப யோசித்தால் புத்தகத்தின் வறட்சி புரிகிறது. தன்னைத் தூக்காமல் நடந்த அம்மாவின், அதற்கு முந்தைய நடையைத்தான் மகள் எழுதுகிறாள். அதில் அம்மா தானாக எந்தத் தங்கையையும் விட்டுவிட்டு நடப்பதில்லை. அந்தப் பக்கங்களை எழுதும்போது டோரிஸுக்கு என்ன ஓடியிருக்கும்? புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது. அம்மாவின் இரண்டாம் நடை, தான் விடப்பட்டது எல்லாம் கடைசியில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. தன் கதையைத் தனியாக இன்னொரு புத்தகத்தில் எழுதினார்.

படம் வந்த சமயத்தில் ஆஸ்திரேலியாவில் இது வெறும் சினிமாவாக இருக்கவில்லை. 1997இல் மனித உரிமை ஆணையம் ஒரு பெரிய விசாரணை அறிக்கை வெளியிட்டிருந்தது. 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள் என்றது. அவர்களைத் திருடப்பட்ட தலைமுறைகள் என்கிறார்கள். அப்போதைய பிரதமர் ஜான் ஹோவர்ட் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்க மறுத்தார். அந்தப் பிள்ளைகளை நல்லதுக்காகத்தான் எடுத்தார்கள், படம் மிகைப்படுத்துகிறது என்று எழுதியவர்களும் உண்டு. கிலோமீட்டரில் ஆரம்பித்து ஒவ்வொன்றையும் நோண்டினார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று, அடுத்து வந்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மோலி அதற்கு நான்கு வருஷம் முன்பே, 2004 ஜனவரியில், ஜிகலாங்கில் இறந்துவிட்டார். படத்தின் முதல் திரையிடலை அதே ஊரில், திறந்தவெளியில் நடத்தினார்கள் என்பது மட்டும் ஒரு ஆறுதல். டோரிஸ் 2014இல் காலமானார்.

புத்தக அட்டையில் ஆசிரியர் பெயர் இரண்டாக இருக்கிறது: டோரிஸ் பில்கிங்டன், கூடவே நூகி கரிமாரா. முதலாளியம்மாவுக்குப் பிடிக்காத அந்தப் பெயர்.

ஊருக்குப் போயிருந்த அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அம்மா, அந்தப் படத்துல இன்னொரு பொண்ணு எங்கேன்னு கேட்டியே. அவதான் இந்தக் கதையையே எழுதினவ."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் குக்கர் விசில்.

"அப்ப அவளுக்கு என்ன வயசு?"

"மூணு முடிஞ்சு நாலு."

"சின்னதுக்கு?"

"ஒன்றரை."

"ரெண்டையும் தூக்க முடியாதுதான்" என்றாள். அப்புறம், "நாலு வயசுன்னா ஞாபகம் இருந்திருக்குமேடா" என்றாள்.